அத்தியாயம் 7: அச்சகத்து யூ.பி.எஸ். வீட்டுக்கு வரும்போது

சிவகாசியில் பழைய யூ.பி.எஸ். தேடி அலைய வேண்டியதில்லை. காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் என்று வடிவமைத்துத் தள்ளுகிற கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் மேஜைக்கடியிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். மூன்று நான்கு வருடத்தில் அதன் பேட்டரி போய்விடும். பேட்டரி மட்டும் மாற்றுவதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்வார். பழையது மாடிப்படிக்கு அடியில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, காகிதக் கழிவோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும். விருதுநகரிலும் சாத்தூரிலும் ராஜபாளையத்திலும் இதே வழக்கம்தான். இப்படிப் போகிற பெட்டிகள் பலவற்றில் செத்தது பேட்டரி ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மர், சர்க்யூட் போர்டு, சுவிட்ச் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வாங்க முடியுமா என்றால், முடியும். ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. கரண்ட் போனதும் ஃபைலை சேமித்து கம்ப்யூட்டரை அணைக்கப் பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது நிமிடம். அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினியத் தகடும் அந்த நேரத்துக்குள் ஏறும் சூட்டைத் தாங்கினால் போதும் என்று கணக்கிட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அதையே நான்கு மணி நேரம் ஓடச் சொன்னால், அது நிஜத்தில் கொடுக்கும் திறனில் கால் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. 600 வி.ஏ. என்று போட்டிருக்கும் பெட்டி நிஜத்தில் 360 வாட் கொடுப்பது. தொடர்ந்து ஓட்ட அதில் 90 வாட்டை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்குகளை அந்தப் பெட்டி வழியாக எரிக்காமல் பேட்டரியிலிருந்தே நேரடியாக எரியவிடுங்கள். கால் பங்கு சுமையும் நேரடி விளக்கும் கைவந்துவிட்டால் மீதி எல்லாம் கம்பி இணைப்புதான்.

யாருக்கு இது தேவை?

2012-ஐ இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் தென் மாவட்டங்களில் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. அச்சகங்கள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. முடிந்த வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின, முடியாத வீடுகள் விசிறி மட்டையோடு வாசலில் படுத்தன. அந்த நிலைமை இன்று இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று பேப்பரில் வருகிற அறிவிப்பு மட்டும் நிற்கவில்லை. காற்றுமழைக்குக் கம்பி அறுந்தால் இரவெல்லாம் இருட்டுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லக்கூட ஃபோனில் சார்ஜ் இல்லாமல் போயிற்று. தோட்டத்து வீடு, காவல் குடிசை, ஆட்டுக்கிடை போன்ற மின்கம்பி எட்டாத இடங்களும் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. இப்படி இருட்டில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

மின்கட்டணம் குறையும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பேட்டரியின் விலையையும் ஆயுளையும் கணக்கில் சேர்த்தால், பேட்டரி வழியாக வரும் ஒரு யூனிட் எந்த ஸ்லாபிலும் மின்வாரியத்து யூனிட்டைவிட விலை அதிகம்தான். பில்லைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் கூரையில் சோலார் போட்டு வாரியத்தோடு இணைக்கும் முறை வேறு. அதற்கு 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. யூ.பி.எஸ். வேலை இருட்டைச் சமாளிக்க மட்டும்.

தூக்கிப்போட்ட சாமானில் வெளிச்சம் எடுப்பதைப் பெரிய ஆய்வுக்கூடங்களும் முயன்றிருக்கின்றன. பெங்களூரில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கழித்துப்போட்ட லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, நல்ல செல்களை மட்டும் பொறுக்கி, 'உர்ஜார்' என்ற விளக்குப் பெட்டி செய்து 2014-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த பேட்டரிகளில் பாதியாவது, ஒரு எல்.இ.டி. விளக்கை நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரு வருடம் எரிக்கும் தெம்போடு இருந்தன. அங்கே பேட்டரியைக் காப்பாற்றினார்கள், பெட்டியை விட்டார்கள். நம் கதையில் பேட்டரி போகும், பெட்டி நிற்கும். இரண்டிலும் முதல் வேலை ஒன்றுதான்: எது உயிரோடு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது.

கடையில் பார்க்க வேண்டியது

கையில் தூக்கிப் பாருங்கள். பேட்டரி இல்லாமலேயே கனமாக இருந்தால் உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. நமக்கு அதுதான் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சில பெட்டிகளில் பேட்டரிக் கம்பிக்கும் மெயின் கரண்டுக்கும் நடுவே தடுப்பே இருக்காது. பேட்டரியின் முனையைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்.

அடுத்து, உள்ளே எத்தனை பேட்டரி என்று கேளுங்கள். 600 வி.ஏ. பெட்டியில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். 1 கே.வி.ஏ. பெட்டி என்றால் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். வீட்டுக்கு 12 வோல்ட் பெட்டியே வசதி. விளக்கு, விசிறி, சோலார் கன்ட்ரோலர் எல்லாம் 12 வோல்ட்டில் எளிதாகக் கிடைக்கின்றன.

பெரிய அச்சகங்களிலிருந்து வரும் 3 கே.வி.ஏ., 5 கே.வி.ஏ. ஆன்லைன் யூ.பி.எஸ்.களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 5 கே.வி.ஏ. பெட்டிகளில் 16 பேட்டரியைத் தொடராகப் போட்டு 192 வோல்ட் டி.சி. வைத்திருப்பது வழக்கம். சார்ஜ் ஏறும்போது அது 215 வோல்ட்டைத் தாண்டும். டி.சி. மின்சாரம் ஏ.சி. போல நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதில்லை. கம்பி கழன்று தீப்பொறி பிடித்தால் அது அணையாமல் நின்று எரியும். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனுக்கே அது ஆபத்தான வேலை. வீட்டில் வைக்கும் பொருளே கிடையாது.

கையோடு ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரியும், மோட்டார் வண்டி ஹெட்லைட் பல்பு ஒன்றும் கொண்டுபோங்கள். "அண்ணாச்சி, பேட்டரி போட்டு ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துக்கிடவா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியில் அந்த 60 வாட் பல்பைத் தொடராகப் போட்டு இணையுங்கள். உள்ளே மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு பளீரென்று முழு வெளிச்சத்தில் எரியும். பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம், எதுவும் வெடிக்காது, கையும் சுடாது. பல்பு எரியாமலோ லேசாகச் சிவந்தோ இருந்தால் சரி. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்து, சுவிட்சை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மெயின் கரண்ட் இல்லாமலேயே பெட்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். சில மாடல்கள் கரண்ட் வந்தால்தான் உயிர் பெறும். தோட்டத்து வீட்டுக்கு அவை உதவாது.

ஸ்டார்ட் ஆனதும் ஒரே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை மட்டும் மாட்டிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். சில யூ.பி.எஸ்.கள் சுமை மிகக் குறைவாக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்கள் என்று எண்ணித் தானாக ஆஃப் ஆகிவிடும். வாங்கி வந்த பிறகு இது தெரிந்தால் பெரிய தொல்லை. மீட்டரில் 230-க்குப் பதில் 200 என்றோ 255 என்றோ காட்டினால் பதற வேண்டாம். இந்தப் பெட்டிகள் கொடுப்பது சதுர அலை. சாதாரண மல்டிமீட்டர் சைன் அலைக்காகச் செய்தது, சதுர அலையைத் தப்பாகத்தான் சொல்லும்.

வெப்பச் சோதனை

இது வீட்டில், மேஜை மேல், பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்வது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கத்து மூடியின் மேல் சூட்டைப் பாருங்கள். தூரத்திலிருந்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அது ஆகாது. காய்ச்சல் அளவைத் தாண்டிய சூட்டை அது காட்டாது. பட்டறைகளில் பயன்படுத்தும் கருவி வேண்டும். ஓடும்போது மூடியைத் திறந்து உள்ளே கை வைக்கவே கூடாது. சில பெட்டிகளில் அலுமினியத் தகட்டிலேயே கரண்ட் இருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்தும் மூடியில் கை வைத்துத் தாங்க முடிந்தால் 90 வாட்டுக்குப் போகலாம். தாங்காவிட்டால், பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட் விசிறியைக் கழற்றி, மூடியில் ஓட்டை போட்டு, அலுமினியத் தகட்டின் மேல் காற்று படும்படி பொருத்துங்கள். இரண்டு வாட்தான் இழுக்கும். நம் ஊர் மே மாதத்தில் அறைக்குள்ளேயே 38, 40 டிகிரி நிற்கிறது. ஜனவரியில் பாஸான பெட்டி மேயில் ஃபெயிலாகலாம். சோதனையை வெயில் காலத்தில் ஒரு தடவை திரும்பச் செய்வது என் வழக்கம்.

பீப் பீப் என்று கத்தும் பஸரை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பஸரின் ஒரு காலை மட்டும் வெட்டிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியைப் படியுங்கள். அந்தச் சத்தம் சொல்லிக்கொண்டிருந்த செய்தியை நீங்கள் வேறு வழியில் தெரிந்துகொண்டாக வேண்டும்.

பேட்டரி: பணம் போவதும் இங்கே, ஏமாறுவதும் இங்கே

பெட்டியோடு வரும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி வீங்கியிருந்தாலோ முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ அதோடு விட்டுவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தால் முழுக்க சார்ஜ் ஏற்றி, இரவு சும்மா வைத்து, காலையில் அளங்கள். 12.7 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும். பிறகு ஆட்டோ இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டி, பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். புது பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். உங்களுடையது ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பாதி உயிர் மீதி. ஃபோன் சார்ஜுக்கும் ஒரு சின்ன விளக்குக்கும் அது போதும். முக்கால் மணி என்றால் எடைக்குப் போட வேண்டியதுதான். இப்படி அரைகுறையாக இருக்கும் நாலைந்து பழைய பேட்டரியைச் சேர்த்துக் கட்டி ஒரு பெரிய பேட்டரி செய்யலாம் என்று சிலர் முயல்கிறார்கள். கூட்டத்தில் மோசமானது மற்றவற்றையும் காலி செய்துவிடும்.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். இரண்டு 9 வாட் விளக்கு, 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று, ஃபோன் சார்ஜர் 10 வாட். மொத்தம் 56 வாட். இதை யூ.பி.எஸ். வழியாக ஓட்டினால், மாற்றுவதில் போகும் நஷ்டத்தையும் பெட்டி சும்மா இருக்கவே தின்னும் பத்துப் பன்னிரண்டு வாட்டையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 82 வாட் போகும். நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 27 ஆம்பியர்-அவர். இதே சாமான்களை 12 வோல்ட் வகையாக வாங்கி நேரடியாக ஓட்டினால் 19 ஆம்பியர்-அவரில் முடிந்துவிடும். ஒற்றை விளக்கு மட்டும் எரிகிற நடுராத்திரியில் வித்தியாசம் இன்னும் மோசம். 9 வாட் விளக்குக்காக 23 வாட் போகும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கத்தான் வீட்டுக்குள் 48 வோல்ட் டி.சி.யிலேயே விளக்கும் விசிறியும் ஓடும் அமைப்பை உருவாக்கினார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில் மின்கம்பி போகாத ஆயிரக்கணக்கான வீடுகளில் அது பொருத்தப்பட்டது. நாம் செய்வது அதன் சின்ன வடிவம். டி.வி., லேப்டாப் போன்று 230 வோல்ட் கட்டாயம் கேட்பவற்றுக்கு மட்டும் யூ.பி.எஸ்.ஸை ஆன் செய்யுங்கள், மற்ற நேரம் ஆஃப்.

பேட்டரியில் 75 அல்லது 100 ஆம்பியர்-அவர் டியூபுலர் வாங்குங்கள். கார் பேட்டரி வேண்டாம். ஒரு நொடி நிறைய கரண்ட் கொடுத்து என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்தது அது. தினமும் பாதி வரை இறக்கினால் ஒரு வருடம்கூட நிற்காது.

அந்த பஸர் விஷயம் இங்கேதான் வருகிறது. யூ.பி.எஸ். பேட்டரியை 10.5 வோல்ட் வரை இழுத்துவிட்டுத்தான் தானாக அணையும். பத்து நிமிடத்தில் முழுச் சுமையைக் கொடுக்கும்போது 10.5 என்பது நியாயமான எல்லை. அப்போது பேட்டரிக்குள் இன்னும் மீதி இருக்கும். நாமோ சின்னச் சுமையை மணிக்கணக்கில் ஓட்டுகிறோம். அப்படி மெதுவாக இறங்கி 10.5 வந்தால் பேட்டரி அடி வரை சுரண்டப்பட்டுவிட்டது என்று பொருள். இப்படிச் சில பத்துத் தடவை நடந்தால் புது டியூபுலரும் செத்துவிடும். யூ.பி.எஸ். மாற்றி அமைத்தவர்களில் பெரும்பாலோர் பேட்டரியை இழப்பது இதனால்தான். காரணம் தெரியாமல் பேட்டரி கம்பெனியைத் திட்டுவார்கள். சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர் ஒன்றைப் பேட்டரியோடு நிரந்தரமாக மாட்டி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். விளக்கு எரியும்போதே 11.9 காட்டினால் அன்றைக்குப் போதும், அணைத்துவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றுவது

யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் சார்ஜர் 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்காகச் செய்தது. ஒரு ஆம்பியர்கூடக் கொடுக்காது. 27 ஆம்பியர்-அவரைத் திருப்பி ஏற்ற அது நாற்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த இரண்டு ராத்திரி வந்துவிடும். போதாததற்கு அது 13.6 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடும். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரிக்கு அவ்வப்போது 14.4 வரை ஏற வேண்டும், இல்லாவிட்டால் தட்டில் உப்புப் படிந்து கொள்ளளவு குறையும். அதனால் அந்த சார்ஜரை மறந்துவிடுங்கள். யூ.பி.எஸ்.ஸின் மெயின் பிளக்கைச் சுவரில் செருகவே வேண்டாம். முழுக்க டி.சி. பக்கத்திலிருந்தே ஓடட்டும். நேரடி விளக்குக் கம்பிகளைத் தொட்டுப் புழங்குகிற வீட்டில் அதுதான் பாதுகாப்பும்கூட.

சார்ஜுக்கு சோலார். 12 வோல்ட் பேட்டரிக்கான 100 வாட் தகடு நல்ல வெயிலில் ஐந்தரை ஆம்பியர் கொடுக்கும். நம் மாவட்டத்தில் நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைத்தால், தூசிக்குக் கழித்து 25 ஆம்பியர்-அவர் வரும். நேரடி டி.சி.யில் ஓட்டினால் 100 வாட் தகடு போதும். எல்லாவற்றையும் யூ.பி.எஸ். வழியாக ஓட்டினால் 150 வாட் வேண்டும். இன்வெர்ட்டரின் நஷ்டம் தகடு வாங்கும்போதும் உங்கள் பையைத் தொடும். சிவகாசி ஒன்பதரைப் பாகை வடக்கில் இருப்பதால் தகட்டைத் தெற்குப் பார்த்துப் பத்துப் பாகை சாய்த்தால் சரி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உற்பத்தி பாதியாகும் நாட்கள் உண்டு. அப்போது விசிறி தேவைப்படாது என்பது ஒரு ஆறுதல்.

இப்போது மலிவாகக் கிடைக்கும் 500 வாட் தகடுகள் 40 வோல்ட் கொடுப்பவை. தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வைக்கும் சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரில் அவற்றை மாட்டினால் பெரும்பகுதி சக்தி வீணாகும், சில கன்ட்ரோலர்கள் எரிந்தும் போகும். அதற்கு எம்.பி.பி.டி. வகை வேண்டும்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு தகட்டை. கழற்றும்போது முதலில் தகடு. கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட இரண்டு முனை இருக்கும். 12 வோல்ட் விளக்கு, விசிறிக் கம்பிகள் அங்கே போகலாம், பேட்டரி இறங்கினால் அதுவே அணைத்தும் விடும். யூ.பி.எஸ்.ஸை மட்டும் அங்கே மாட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகும் இழுப்பில் கன்ட்ரோலர் போய்விடும். அதற்குப் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி. 6 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஒரு மீட்டருக்கு மிகாமல். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். கார் ஸ்டீரியோ மாட்டும் கடையில் ஃப்யூஸ் ஹோல்டரோடு கிடைக்கும். வேலை செய்யும்போது மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் இரண்டு முனையையும் தொட்டால் உருகும் அளவுக்குக் கரண்ட் பாயும்.

விளக்குக்குப் போகும் 12 வோல்ட் கம்பி மெல்லியதாக இருந்தால் கடைசி அறையில் விளக்கு மங்கும். பத்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போடுங்கள். 12 வோல்ட் எல்.இ.டி. பல்புகள் நம் வழக்கமான பின் ஹோல்டரிலேயே உட்காரும்படி வருகின்றன. யாராவது தெரியாமல் அதை மெயின் ஹோல்டரில் மாட்டினால் படார் என்று போகும். 12 வோல்ட் ஹோல்டர்களைத் திருகு வகையாகவே வாங்கிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பழைய சாதாரண விசிறியை யூ.பி.எஸ்.ஸில் மாட்டினால் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும், கம்பிச்சுருளும் சூடாகும். 75 வாட் வேறு தின்னும். பிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் பற்றிப் பேச்சே வேண்டாம்.

செய்யவே கூடாதவை

இரண்டு பக்கமும் பிளக் வைத்த கம்பியால் யூ.பி.எஸ். அவுட்புட்டைச் சுவர் பாயின்டில் செருகி, வீடு முழுக்க எரிய வைக்கும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்த ஒரு நாள், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை அது கொல்லும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பிப் போகும்போது 230 வோல்ட் 11,000 வோல்ட்டாக ஏறும். கரண்ட் திரும்பி வரும் நொடியில் உங்கள் பெட்டியும் தீப்பிடிக்கும். யூ.பி.எஸ்.ஸுக்கு வீட்டு வயரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனி வயர், தனி பாயின்ட் மட்டுமே.

அடுத்தது இந்த மண்ணுக்கே உரியது. யூ.பி.எஸ்.ஸுக்குள் ரிலே இருக்கிறது. டக் என்று அது மாறும் ஒவ்வொரு தடவையும் உள்ளே சின்னத் தீப்பொறி உண்டு. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே அது வெடிக்கும். இந்த இரண்டையும் பட்டாசு மருந்து இருக்கும் இடத்தின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஒரே பட்டாசு ஆலையில் ஏறத்தாழ 40 பேரைப் பறிகொடுத்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆலையின் உரிமம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு சேர்ந்தது. அதில் இல்லாத மின் இணைப்பை, காவலாளி அறைக்குத்தானே என்றுகூட, சொந்தமாகப் போடாதீர்கள்.

வீட்டில் பட்டாசுக்கு வெறும் காகிதக் குழாய் உருட்டுபவர்களுக்கு இந்த விளக்கு நல்ல துணை. ஆனால் குழாய்க் கட்டுகளைப் பேட்டரியின் மேல் அடுக்காதீர்கள், ஒரு வீச்சு தள்ளி வையுங்கள். வீட்டில் கருந்திரி திரிப்பதும் மருந்து வைத்திருப்பதும் சட்ட விரோதம். அப்படிப்பட்ட வீட்டில் இந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் செய்யக் கூடாது, செய்து தரச் சொன்னால் மெக்கானிக் மறுத்துவிட வேண்டும். ஆலைக்குப் போய்வருபவர் இருக்கும் வீட்டில், வேலைக்கு உடுத்திய துணியைப் பேட்டரி இருக்கும் அறையில் கொடியில் போட வேண்டாம். துணியில் ஒட்டி வரும் அலுமினியப் பொடி எரியக்கூடியது. தீபாவளிக்கு வாங்கிய பட்டாசுப் பெட்டியும் வேறு அறையில்தான் இருக்க வேண்டும்.

பேட்டரிக்கு நல்ல இடம் தாழ்வாரத்தின் நிழல். மேலே காற்றுப் போக்கு இருக்க வேண்டும், குழந்தை கை எட்டக் கூடாது. 25 டிகிரிக்கு மேல் பத்து டிகிரி ஏறினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தகரக் கொட்டகைக்குள் வைத்த பேட்டரி நம் ஊரில் நிலைக்காது. ஓட்டுக் கூரையின் கீழ், வடக்குச் சுவரை ஒட்டி வைத்தது நீண்ட நாள் வரும்.

மாதம் ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பாருங்கள், கோடையில் இரண்டு தடவை. குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கூடாது. முனைகளைச் சோடா உப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவைத்து வாஸ்லின் தடவுங்கள். நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கும்போதே ஃப்யூஸ் ஹோல்டர் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். சூடானால் அங்கே தொடர்பு சரியில்லை.

செத்துப்போன பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடமையை 2001 பேட்டரி விதிகள் விற்பவர் மேல் வைத்தன. 2022-இல் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பில் தயாரிப்பாளரைக் கட்டிப்போடுகின்றன. எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால் விலையில் கழித்தும் தருவார்கள். எடை போட்டுப் பார்த்து, கழித்த தொகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கூடுதல் விலை தருகிறேன் என்று சொல்லி, கொல்லைப்புறத்தில் ஆசிட்டைக் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குபவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஈயம் அந்தத் தெருப் பிள்ளைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேரும்.